ஜன்னல் மஞ்சள்

மரகதவல்லி டீச்சரிடம் படம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் தும்மப் பழக வேண்டும். தென்காசியில் அவர் வீடு ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடி. கீழே மிளகாய் அரைபடும், மல்லி அரைபடும், அரிசி அரைபடும். மேலே நாங்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வரைவோம். மில் ஓடும்போது தரை அதிரும். அப்போது நேர்கோடு போட்டால் அது நெளிந்துதான் போகும். அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மில் ஓடும்போது வண்ணம் பூசுவோம். நின்றதும் கோடு போடுவோம்.

நான் சுடலைக்கண்ணு. லாரியின் பின்பலகையில் தாமரையும் கிளியும் எழுதுகிறவன். முகம் மட்டும் எனக்கு வராது. நான் எழுதிய புலியைப் பார்த்து, "பூனை அம்சமா இருக்குவே" என்று ஒரு டிரைவர் மெச்சிவிட்டுப் போனான். அந்த ரோஷத்தில் டீச்சரிடம் வந்து சேர்ந்தேன்.

என்னோடு படித்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருத்தி ஜெபராணி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். பழங்கள் மட்டும்தான் வரைவாள். கையை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம் போல வரைவாள். இன்னொருவர் கோமதிநாயகம் சார். தபாலாபீஸில் முப்பத்திமூன்று வருஷம் இருந்து போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். டீச்சரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். ஆனாலும் டீச்சர் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். வகுப்பு முடிந்ததும் பிரஷ்ஷை மூன்று தண்ணீரில் கழுவி, துணியில் ஒற்றி, பெட்டியில் அடுக்கிப் பூட்டிவிட்டுத்தான் படியிறங்குவார். அவர் பிரஷ்ஷைக் கழுவாமல் போன நாளை நாங்கள் பார்த்ததில்லை.

அவரிடம் ஒரு குறை. அவருக்குக் கோடு மட்டும்தான் படம். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் ஒரு கொக்கு, ஒற்றைக் காலில். மிச்சத் தாள் முழுக்க ஒன்றும் இருக்காது. மில் எப்போது நிற்கும் என்று காத்துக்கிடந்து அந்தக் கொக்கை வரைவார். நல்ல கொக்குதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதற்குப் பிறகு வாய் சும்மா இருக்காது. ஜெபராணியின் மாம்பழத்தைப் பார்த்து, "இது சந்தைம்மா, ஓவியம் இல்ல" என்பார். என் கிளியைப் பார்த்தால் ஒன்றுமே சொல்லமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்கு என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சாரல் தொடங்கிய ஒரு புதன்கிழமை அவர் வந்து உட்கார்ந்தார், பெட்டியைத் திறக்கவில்லை. மில் நின்றது. அப்போதும் திறக்கவில்லை. டீச்சர் அதைக் கவனித்துவிட்டார்.

"என்ன சார், கொக்கு வரலையா?"

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்க."

"படத்துல எத்தனையோ பாணி இருக்கு. தங்கத்தாள் ஒட்டுன தஞ்சாவூர்ப் படம் இருக்கு. கண்ணாடிப் படம் இருக்கு. கோட்டுப் படம் இருக்கு. சுடலை எழுதுத லாரிப் படம் இருக்கு..."

"அதை ஏன் சார் கடைசியில வைக்கீய?" என்றேன் நான்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "இதுல எது உசத்தி? ஏன் உசத்தி? எனக்கு ஒரு தெளிவான பதில் வேணும்."

டீச்சர் அவரையே பார்த்தார். "இதை யாருக்குப் போய்ச் சொல்லப் போறீங்க?"

போஸ்ட்மாஸ்டர் பெட்டியின் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "என் வீட்டுக்காரிக்கு."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. அவர் மனைவி பெயர் உலகம்மாள். கல்யாணமான புதிதில் அந்த அம்மா குற்றாலம் சீசன் கடையில் ஒரு படம் வாங்கியிருக்கிறார். ஏரி, பனிமலை, அன்னம், கரையில் ஓட்டு வீடு. எல்லோரும் சீனரி என்று சொல்வோமே, அது. சமையல்கட்டில் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் இருபத்தெட்டு வருஷமாகத் தொங்கியது. போஸ்ட்மாஸ்டர் தம் கொக்கைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். ஹாலிலிருந்து பார்த்தால் சமையல்கட்டு தெரியும். கொக்கைப் பார்க்கிற கண்ணில் அந்தச் சீனரியும் விழுந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை உலகம்மாள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், தெருவில் பழைய சாமான்காரர் சைக்கிளில் வந்தார். படத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வாங்கி வைத்துவிட்டார்.

"அடப்பாவமே!" என்றாள் ஜெபராணி.

"வந்தா. சுவரைப் பாத்தா. சுத்தி எல்லாம் கரி பிடிச்சுப்போயி, படம் இருந்த எடம் மட்டும் வெள்ளையா இருந்துது. ஒரு வார்த்தை சொல்லலை. கொண்டையை முடிஞ்சுக்கிட்டு உலையை வச்சிட்டா. இன்னையோட ஒம்பது நாள் ஆச்சு டீச்சர். காப்பி வருது. சாப்பாடு வருது. பேச்சு வரலை."

"பேரீச்சம்பழம்?" என்று கேட்டேன்.

"எறும்பு தின்னுது. அவ தொடலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அந்த மனுஷர் சரியாகத் தூங்கியே நாலு நாள் இருக்கும்.

"நான் கோவப்படலை டீச்சர். அவளுக்குப் புரிய வைக்கணும். அந்தப் படத்துல ஒண்ணும் இல்ல, இந்தக் கொக்குல என்ன இருக்குன்னு எடுத்துச் சொல்லணும். அதுக்குத்தான் கேக்கேன்."

"கொக்கு ஏன் சார் உங்களுக்குப் பிடிச்சிருக்கு?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெறுமையைப் பற்றிச் சொன்னார். மௌனத்தைப் பற்றிச் சொன்னார். போட்ட கோட்டைவிடப் போடாத கோடுதான் பேசும் என்றார். நல்ல பேச்சு. ஜெபராணி தலையைக்கூட ஆட்டினாள்.

டீச்சர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இது நானும் புஸ்தகத்துல படிச்சிருக்கேன் சார். அது எழுதினவருக்கு ஏன் பிடிச்சுதுன்னு இப்போ தெரிஞ்சுது. உங்களுக்கு?" என்றார்.

போஸ்ட்மாஸ்டர் மறுபடி பெட்டியின் பூட்டைத் திருகினார்.

"சரி, அது கெடக்கட்டும். அந்தச் சீனரியை வரைஞ்சு கொண்டாங்க."

"எதை?"

"கொடுத்துட்டீங்களே, அதை."

"நானா? சீனரியா?"

"நீங்கதான். நினைவுலேருந்து வரைங்க."

அவருக்கு அது பெரிய அவமானம். காது சிவந்துவிட்டது. ஆனாலும் டீச்சர் சொல்லை அவர் தட்டியதில்லை. தாளை எடுத்தார். ஏரிக்கு ஒரு கோடு போட்டார். மலைக்கு ஒரு கோடு. பிறகு பென்சில் நின்றது.

"என்ன சார்?" என்றேன்.

"அன்னம்... ரெண்டா, நாலா?"

"எங்களைக் கேட்டா? உங்க வீட்டுப் படம்."

"வீடு வலப்பக்கம்னு நெனைக்கேன். இல்ல, இடப்பக்கமா? படகு ஒண்ணு இருந்துதோ?"

கீழே மில் மறுபடி ஓட ஆரம்பித்தது. தரை அதிர்ந்தது. அவர் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தெருவில் எத்தனாவது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனுஷர். அவர் வீட்டுச் சுவரில் எத்தனை அன்னம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"இருபத்தெட்டு வருஷம்" என்று மெதுவாகச் சொன்னார். "யாரு அதைப் போய்ப் பாத்தா?"

"ஒருத்தங்க பாத்திருக்காங்க" என்றார் டீச்சர். "அவங்ககிட்ட கேளுங்க."

"அவதான் பேசமாட்டேங்காளே!"

டீச்சர் அதற்குள் ஜெபராணியின் மாதுளம்பழத்தில் குனிந்துவிட்டார்.

இடையில் நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு நல்ல காரியம் செய்வோம் என்று மேலகரம் ரோட்டில் அந்தப் பழைய சாமான்காரரைத் தேடிப் பிடித்தேன். சட்டமும் கண்ணாடியும் அன்றைக்கே போய்விட்டனவாம். படம் சைக்கிளில் கிடந்து சாரலில் நனைந்து கூழாகிவிட்டது என்றார். கூடவே, "அந்த வீட்டம்மா தெருத்தெருவா என்னைத் தேடி வந்தாவ. நான் இதைத்தான் சொன்னேன். ஒண்ணும் சொல்லாம போயிட்டாவ" என்றார். அதைப் போஸ்ட்மாஸ்டரிடம் சொன்னபோது அவர் அன்றைக்குப் பூராவும் பெட்டியைத் திறக்கவே இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் அவர் வீட்டில் நடந்தது. அவர் வந்து சொல்லச் சொல்ல நாங்கள் கேட்டோம்.

முதல் படத்தில் இரண்டு அன்னம் போட்டார். வீட்டை வலப்பக்கம் வைத்தார். கொண்டுபோய்ச் சமையல்கட்டு வாசலில் நின்று, "இந்தா, பாரு" என்று காட்டினார். உலகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் ஒரு தரம் நிமிர்ந்தார், குனிந்தார். அவ்வளவுதான். இவர் தாளைச் சமையல்கட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்துவிட்டார், பேரீச்சம்பழப் பொட்டலத்தின் பக்கத்தில்.

காலையில் எழுந்து பார்த்தால் தாளில் கரி.

"என் தாள்ல டீச்சர்! அடுப்புக் கரியால!" என்று தாளைத் தூக்கிக் காட்டினார். அவர் வரைந்த இரண்டு அன்னத்துக்கும் நடுவில், விரலால் அழுத்தி, கழுத்து வளைத்து இன்னொன்று போட்டிருந்தது. மற்ற இரண்டையும்விடச் சின்னது.

டீச்சர் வாங்கிப் பார்த்தார். எங்களுக்கும் காட்டினார்.

"கழுத்து நல்லா வந்திருக்கு" என்றாள் ஜெபராணி.

"உங்க அன்னத்தைவிட நல்லாருக்கு சார்" என்று நானும் சொல்லிவைத்தேன். எத்தனை நாள் என் கிளிக்குக் கண்ணாடியைத் துடைத்திருக்கிறார்!

போஸ்ட்மாஸ்டர் கோபப்படப் பார்த்தார், முடியவில்லை. "அப்போ மூணு" என்றார். தாளை மடிக்காமல் பெட்டிக்குள் வைத்தார்.

இரண்டாவது படத்தில் மூன்று அன்னம் போட்டார். பனிமலைக்கு மேல் ஒரு சூரியனையும் வைத்தார். மறுநாள் சூரியனைக் காணோம். அந்த இடத்தில் கரி அப்பியிருந்தது. மூன்றாவது படத்தில் சூரியன் இல்லை, ஆனால் கரையோரம் படகு ஒன்று போட்டிருந்தார். அவர் தாளை அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பிய நேரம், முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"படகும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வீடு இந்தப் பக்கமே இல்ல."

பதினாறு நாளைக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. "கையில தம்ளர் இருந்துது டீச்சர். கீழ போட்டுருப்பேன்" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எந்தப் பக்கம்னு கேட்டேன்."

உலகம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவரைக் காட்டினாராம். வெறும் சுவர். அந்த வெள்ளைச் சதுரத்தில் விரல் வைத்து, இங்கே வீடு, இங்கே வாசல், வாசலுக்கு நாலு படி, படிக்குப் பக்கத்தில் ஒரு வேலி, வேலியில் ஒரு கம்பு சாய்ந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாராம். இவர் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது இருவருக்கும் தெரியவில்லை.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு இவர் ஒன்று கேட்டிருக்கிறார். டீச்சர் கேட்கச் சொன்னதல்ல, தானாக வாயில் வந்தது.

"இது ஏன் உனக்குப் பிடிச்சுது?"

"இப்பக் கேக்கீய" என்றாராம் உலகம்மாள்.

"சொல்லேன்."

"அடுப்புக்கு முன்னால நின்னு நிமிந்தா அதுதான் தெரியும். பொழுது அடைஞ்ச நேரம் அது. அதான் சூரியன் கிடையாது. ஜன்னல்ல மஞ்சளா ஒரு வெளிச்சம் இருக்கும். அந்த வீட்டுல விளக்கு ஏத்தியாச்சு, பாத்துக்கிடுங்க. நான் ஏத்தலை. வேற யாரோ ஏத்தி வச்சிட்டாவ. நான் போய் உக்காந்தாப் போதும்."

"யாரு ஏத்துனா?"

"யாரு ஏத்துனா எனக்கென்ன?"

இதைச் சொல்லிவிட்டுப் போஸ்ட்மாஸ்டர் எங்களைப் பார்த்தார். கீழே மில் நின்றிருந்தது. நாங்கள் யாரும் கோடு போடவில்லை.

"கோயிலுக்குப் போனாலும் சரி, கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, பொழுது சாஞ்சா பாதியில எழுந்து வந்துருவா. வீட்டுல விளக்கேத்தணும்பா. அவ தங்கச்சி மக சடங்குக்குக்கூட அப்படித்தான் வந்தா. எனக்கு அதுல ஒரு பெருமை. எங்க வீட்டுல ஒரு நாள் விளக்கு தவறுனது இல்லைன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்கேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கிட்டப் பேசாத பதினாறு நாளும் ஏத்துனா டீச்சர். நான் ஹால்ல உக்காந்து கொக்கைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

டீச்சர் கேட்டார். "இப்போ சொல்லுங்க சார். கொக்கு ஏன் பிடிச்சிருக்கு?"

இந்தத் தடவை அவர் நிமிர்ந்து உட்காரவில்லை.

"முப்பத்திமூணு வருஷம் என் கைக்கு வந்த தாள் எல்லாத்துலயும் யாராவது எதையாவது எழுதித்தான் அனுப்பியிருந்தாங்க. பேரு, தெரு, ஊரு. செத்த சேதி, பொறந்த சேதி. எழுதாத தாளை நான் பாத்ததே இல்ல. கொக்கை ஒரு ஓரத்துல வரைஞ்சிட்டு மிச்சத்தைப் பாக்கறப்போ... எனக்கு ஒரு வேலையும் இல்லைன்னு தோணும் டீச்சர். அதுக்காகத்தான். வேற ஒண்ணும் இல்ல."

"இதை ஏன் சார் முன்னாடியே சொல்லலை?" என்றாள் ஜெபராணி.

"எனக்கே தெரியாதேம்மா." பிறகு அவளைப் பார்த்து, "நீ ஏன் பழமா வரையுத?" என்று கேட்டார். நாலு வருஷத்தில் அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எங்க வார்டுல பாக்க வர்றவங்க ஆப்பிளும் சாத்துக்குடியுமா வாங்கிட்டு வருவாங்க சார். முக்காவாசி யாரும் திங்கமாட்டாங்க. ஜன்னல்லயே இருந்து வாடும். எனக்கு அதைப் பாக்கவே பிடிக்காது. நான் வரையுறது வாடாது."

என்னையும் கேட்பார் என்று எதிர்பார்த்துத் தயாராக உட்கார்ந்திருந்தேன். லாரிக்குப் பின்னாலேயே வெயிலில் ஊர்ந்து வருகிறவன் இருக்கிறானே, அவனுக்குப் பார்க்க ஒன்று வேண்டும், அதற்குத்தான் அத்தனை சிவப்பு அத்தனை பச்சை என்று சொல்ல நினைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு என் கிளியைப் பார்த்தபோது கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நாலு வாரம் போஸ்ட்மாஸ்டர் கொக்குப் பக்கமே போகவில்லை. சீனரிதான். பெரிய பலகை வாங்கி வந்தார். நீலத்தைக் கலக்கத் தெரியாமல் திண்டாடினார். ஏரி ஒரு நாள் பாசிக்குளமாக வந்தது, ஒரு நாள் சட்னியாக வந்தது. மில் நின்றால் எரிச்சல்படுவார், அவருக்கு இப்போது வேண்டியது வண்ணம். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரில் நிழல் எப்படி விழும் என்று சொல்லிக்கொடுத்தேன். என்னை அவர் "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

வாரம் ஒரு தரம் படம் வீட்டுக்குப் போகும். உலகம்மாள் பார்ப்பார். வேலி சரி. நாலு படி சரி. சாய்ந்த கம்பு சரி. சின்ன அன்னம் கொஞ்சம் பின்தங்கி வர வேண்டும் என்றார், அதுவும் சரியாயிற்று. பேரீச்சம்பழப் பொட்டலம் ஒரு நாள் அலமாரியில் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, எறும்பு தின்னது போக மிச்சத்தைப் பாயசத்தில் போட்டேன் என்றாராம். அதை எங்களிடம் சொன்னபோது போஸ்ட்மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு தடவை சொன்னார்.

எல்லாம் ஆயிற்று. ஜன்னல் ஒன்றுதான் பாக்கி.

ஜன்னல் என்றால் எவ்வளவு? கட்டைவிரல் நகம் அளவு. அதற்குள் மஞ்சள் வைக்க வேண்டும். முதலில் எலுமிச்சை மஞ்சள் வைத்தார். உலகம்மாள் பார்த்துவிட்டு, "இல்ல" என்றார். சுரண்டிவிட்டுக் கொஞ்சம் சிவப்புக் கலந்து வைத்தார். "இல்ல." காவி கலந்தார். வெள்ளை கலந்தார். ஒரு நாள் அஞ்சறைப்பெட்டியிலிருந்து மஞ்சள்பொடியை எடுத்துக் குழைத்து வைத்தார். அதற்கு உலகம்மாள் சிரித்தேவிட்டார், ஆனால் "இல்ல"தான். லாரிக்கு ஒட்டுகிற ரேடியம் ஸ்டிக்கரை என்னிடம் வாங்கிப்போய்க்கூட நகம் அளவு வெட்டி ஒட்டிப் பார்த்தார். அந்த வெட்கக்கேட்டை நான் வெளியில் சொல்லவில்லை.

"என்னதான் குறைன்னு கேட்டேன் டீச்சர். பெயின்ட் இருக்கு, வெளிச்சம் இல்லைங்கா."

அது ஒரு வெள்ளிக்கிழமை. மணி மூன்று இருக்கும். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. போஸ்ட்மாஸ்டர் பலகையை டீச்சர் முன்னால் வைத்தார். உண்மையைச் சொன்னால் நல்ல படம். மலை குளிர்ந்திருந்தது, ஏரி இருட்டத் தொடங்கியிருந்தது, மூன்றாவது அன்னம் பின்தங்கி வந்தது. ஜன்னலில் மட்டும் பத்துத் தடவை சுரண்டிய தழும்பு.

"எந்தப் பாணி உசத்தின்னு கேட்டு வந்தீங்க" என்றார் டீச்சர்.

"அதை விடுங்க டீச்சர்." அவர் கையில் பிரஷ் இருந்தது. அதில் பதினொன்றாவது மஞ்சள் இருந்தது. "எனக்கு இந்த ஒரு மஞ்சளை மட்டும் சொல்லுங்க. எதைக் கலந்தா வரும்? இதை முடிச்சு அந்தச் சுவர்ல மாட்டணும். அவ அதை நிமிந்து பாக்கறதை நான் பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

டீச்சர் படத்தை நெடுநேரம் பார்த்தார். ஜன்னலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"வீட்டுல எத்தனை மணிக்குச் சார் விளக்கேத்துவாங்க?"

"ஆறு, ஆறேகால். ஏன்?"

"இன்னைக்கு நீங்க ஏத்துங்க. அவங்க உக்காந்திருக்கட்டும். வெளிச்சம் அவங்க முகத்துல விழும்ல, அந்த மஞ்சளைப் பாத்துட்டு வந்து வைங்க."

போஸ்ட்மாஸ்டர் பிரஷ்ஷைக் கழுவாமலே வைத்துவிட்டு எழுந்து படியிறங்கினார்.